நகரமைப்பு அலுவலருக்குப் பணி நிறைவு விழா: பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களின் நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தள்ளிவிடப்படும் வேலைகளில் ஒன்று, ஓய்வு பெறப்போகிற அலுவலருக்கான பாராட்டு விழா. "நீங்க சின்னவங்க, ஓடியாடிப் பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டு மூத்தவர்கள் கோப்புக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். மாலை, சால்வை, மோதிரம், சாப்பாடு என்று வழக்கமான பட்டியல் ஒன்றும் கைக்கு வந்துவிடும். அதை வைத்தே விழாவை முடித்துவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் நகரமைப்புக்காரர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொறியாளர் கட்டிய பாலத்தில் கல்வெட்டு இருக்கும். நகரமைப்பு அலுவலர் முப்பது வருடம் செய்த வேலையில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. ஓடைப் புறம்போக்கில் எழும்பாமல் போன அடுக்குமாடி, மனையாகாமல் தப்பிய பூங்கா இடம், 20 அடியாகச் சுருங்காத 40 அடித் தெரு, இதெல்லாம்தான் அவர் கணக்கு. சென்னை தியாகராய நகரையே பாருங்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்ததும் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. தியாகராயர் மாநகராட்சித் தலைவர், பனகல் அரசர் அன்றைய மாகாண முதன்மை அமைச்சர். தியாகராய நகர், பனகல் பூங்கா என்று பேர் இரண்டும் நிலைத்துவிட்டன. பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களைக் கிளை பிரித்துக் கோடு போட்டவர் யார் என்று கேட்டால் தி.நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட முழிப்பார். (ஏரியைத் தூர்த்ததை இன்று மேடையேற்றிப் பாராட்டத் தயங்குவோம் என்பது வேறு கதை.)

அதனால் இந்த விழாவுக்கு உழைப்பு முழுவதும் விழாவுக்கு முன்னால்தான். மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

முதலில் தேதி

தமிழ்நாட்டில் இப்போது ஓய்வு வயது 60. 2020-இல் 58-லிருந்து 59 ஆகி, மறு ஆண்டே 60 ஆனது. அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். பிறந்த தேதி 1 என்றால் முந்தைய மாதக் கடைசியிலேயே போய்விட வேண்டும். இதை மறந்து ஒரு மாதம் தள்ளித் தேதி குறித்தால் மண்டபம், அழைப்பிதழ் எல்லாம் வீண். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவருக்கு நாள் கணக்கு மனப்பாடமாக இருக்கும்.

இன்னொன்று, மே, ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெறுபவர்கள் எல்லா அலுவலகத்திலும் அதிகம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிகளின் விளைவு அது. மாமன்றக் கூடத்துக்கு அப்போது போட்டி இருக்கும், முன்கூட்டியே ஆணையரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைசி நாளில் பெரிய விழா வைக்காதீர்கள். அன்றைக்கு அவர் பொறுப்பு ஒப்படைப்பார், கையெழுத்துப் போட்டு மாளாது, பார்க்க வருகிறவர்கள் வேறு. போதாததற்கு, ஓய்வு நாளன்று ஏதாவது உத்தரவு வந்துவிடுமோ என்ற பயம் நம் அரசு அலுவலகங்களில் யாருக்குத்தான் இல்லை? விழாவை இரண்டு மூன்று நாள் முன்னதாக, அலுவலக நேரம் முடிந்தபின் வையுங்கள். கடைசி நாளில் டீ, போட்டோ, வீடு வரை கொண்டுபோய் விடுவது, இவ்வளவு போதும்.

சால்வைக்கு முன்னால் பென்ஷன் கோப்பு

விழாக் குழுவின் வேலை இல்லையே இது என்று தோன்றலாம். நான் இதைத்தான் முதல் வேலையாக வைப்பேன். மேடையில் புகழ்ந்து தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே மனிதர் பணப்பலன் வரவில்லை என்று படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் போல அவமானம் வேறில்லை.

நீங்கள் புதியவர், கோப்பை நகர்த்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் எழுத்தரிடம் போய் நிலவரம் கேட்கலாம். பணிப் பதிவேட்டில் எல்லா ஊர்ப் பணிக்காலமும் சரிபார்த்துப் பதிவாகியிருக்கிறதா, விடுப்புக் கணக்கு முடிந்ததா, வாங்கிய முன்பணங்களுக்கு நிலுவையின்மைச் சான்று வந்ததா என்று பாருங்கள். நகரமைப்பு அலுவலர்கள் பல ஊர் மாறியவர்கள் என்பதால் எங்கோ ஒரு நகராட்சியில் ஒரு வருடப் பதிவு விட்டுப்போயிருக்கும். உள்ளாட்சி நிதித் தணிக்கையின் பழைய ஆட்சேபணைகளில் அவர் பேர் எங்காவது நிற்கிறதா என்றும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கட்டணக் கணக்கீட்டு வித்தியாசம் ஒன்றுக்குப் பதில் எழுதாமல் கிடக்கும். பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுக்க இளையவர்கள் இரண்டு பேர் இருந்தால் அது ஒரு வாரத்தில் முடிகிற வேலை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர் என்றால் பழைய ஓய்வூதியம் கிடையாது. அவருக்கு எந்தத் திட்டம், என்னென்ன விண்ணப்பம் தேவை என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் என்ன செய்தார் என்று தேடுவது

இங்கேதான் நேரம் போடவேண்டும். மேடைப் பேச்சுகளில் "நேர்மையின் சிகரம், உழைப்பின் இமயம்" என்று வந்து விழுவதற்குக் காரணம், பேசுகிறவர் கையில் விவரம் இல்லாததுதான்.

முதலில் அவர் பார்த்த ஊர்கள், பதவிகள், வருடங்கள் மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பணிப் பதிவேட்டை நீங்களாக எடுத்துப் புரட்ட வேண்டாம், அவரிடமே கேட்டால் சொல்வார். பக்கத்தில் அந்த வருடங்களில் துறையில் நடந்ததையும் குறித்துக்கொண்டே வாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். டிரேசிங் துணி, அமோனியா வாசனை அடிக்கும் ப்ளூபிரிண்ட் காலம். 1993 ஜூன் 1-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, நகரத் திட்டமிடல் உள்ளாட்சிக்குரிய பணிகளின் பட்டியலில் முதல் வரியாக ஏறியது. சென்னைப் பக்கம் வேலை பார்த்திருந்தால் 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது, மறு ஆண்டு அந்த மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்து அலுவலக வாசலில் கூட்டம் அலைமோதியது. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறை. இவ்வளவையும் ஒரே ஆள் தாண்டி வந்திருக்கிறார் என்பதைத் தாளில் பார்க்கும்போதுதான் உங்களுக்கே உறைக்கும்.

அடுத்தது பதிவறை. மனைப்பிரிவு அனுமதிப் பதிவேட்டை எடுத்து, அவர் இந்த ஊரில் இருந்த வருடங்களைப் பாருங்கள். சாலைகள் போக 3,000 சதுர மீட்டருக்கு மேல் வருகிற மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் காசு கட்டித் தப்ப முடியாது, இடமாகவே தர வேண்டும். அந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டு (ஓ.எஸ்.ஆர்.) இடங்களில் எவையெல்லாம் தானப் பத்திரம் பதிவாகி மாநகராட்சி பேரில் வந்தன, எவற்றுக்கு வேலி விழுந்தது, எதில் இன்று பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று தேடுங்கள். வரைபடத்தில் பச்சை அடித்துவிட்டால் பூங்கா வந்துவிடாது என்பது இந்தப் பிரிவில் ஒரு மாதம் உட்கார்ந்தாலே புரியும். ப்ளானில் பூங்கா, பத்திரத்தில் மனை, நேரில் கார் ஷெட் என்று எத்தனை இடம் போயிருக்கிறது! போகாமல் நின்ற ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எழுதிய நினைவூட்டுக் கடிதங்கள் இருக்கும்.

சாலைக்கும் இதே கதைதான். ஒரு பகுதிக்கென்று தனியாகப் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் கோடு போட்ட சாலைக்கான நிலத்தை மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் நடவடிக்கை நடக்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு. அதைக் காட்டி நீதிமன்றத்தில் விடுவித்துக்கொண்ட நிலங்கள் ஏராளம். ஆகவே வரைபடத்தில் இருந்த ஒரு இணைப்புச் சாலை நேரிலும் இருக்கிறது என்றால், அது விசாரிக்கத் தகுந்த செய்தி.

மூன்றே மூன்று இடம் போதும். ஒவ்வொன்றுக்கும் பழைய அனுமதி வரைபடத்தின் நகல், இன்றைய போட்டோ, இரண்டு வரிக் குறிப்பு. பழைய போட்டோ கிடைக்காது, அந்தக் காலத்தில் கள ஆய்வுக்குக் கேமரா கொண்டுபோனவர் யார்? கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும், அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் காடாகக் கிடந்த இடம் ஊரானது பளிச்சென்று தெரியும். மூலக் கோப்பை அறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள். நகல் எடுக்கவும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர் பேர், கதவு எண் எதுவும் காட்சிப் பலகையில் வரக்கூடாது.

தேடும்போது இன்னொன்றும் தெரியவரும். எதையும் அவர் ஒருவராகச் செய்திருக்க மாட்டார். மாமன்றத் தீர்மானம், ஆணையர் கையெழுத்து, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், வழக்கை நடத்திய வக்கீல், வெயிலில் சங்கிலி பிடித்த சர்வேயர் என்று பலர் கை இருக்கும். அவர் கை எங்கே பட்டது என்பதை மட்டும் சொல்லுங்கள். "இந்தப் பூங்காவை உருவாக்கினார்" என்பதை விட "தானப் பத்திரம் பதிவாகும் வரை இறுதி அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போட மறுத்தார்" என்பது சின்ன வாக்கியம்தான். அலுவலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அதன் கனம் தெரியும்.

ஒரு மணி நேரப் பேட்டி

ஓய்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை அவரை உட்காரவைத்துப் பேசுங்கள். செல்போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் "எதுக்குப்பா இதெல்லாம்" என்பார். டீ வாங்கிக் கொடுத்து, புலப்படத்தையோ வார்டு வரைபடத்தையோ மேசையில் விரித்துவிடுங்கள். வரைபடம் கண்ணில் பட்டால் நகரமைப்புக்காரர்கள் தானாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

"உங்கள் சாதனை என்ன?" என்று கேட்டால் பதில் வராது. இடத்தைக் காட்டிக் கேளுங்கள். எந்தத் தெரு வரைபடத்தில் 40 அடி, நேரில் 23 அடி? எந்த ஓடை புலப்படத்தில் (எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்) இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை? மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? எந்த ஓ.எஸ்.ஆர். இடத்தில் வருடா வருடம் கோயில் கொட்டகை போட்டுப் பார்க்கிறார்கள்? விதிமீறிய கட்டடத்துக்கு அதே சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்து நீதிமன்றத்தில் நின்றது எது, தள்ளுபடியானது எது, ஏன்? மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் எந்த அனுமதியை வேறு மாதிரிக் கொடுப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேளுங்கள். நல்ல மனிதர்கள் இதற்குத்தான் நீண்ட பதில் சொல்வார்கள்.

சொன்னதில் பாதி மேடைக்கு உதவாது. நிலுவை வழக்குகள், மறுக்கப்பட்டவர்களின் பேர், மேலிடத்திலிருந்து வந்த போன் கதைகள் எதுவும் கூடத்துக்கு வரக்கூடாது. மீதியைத் தட்டச்சு செய்து அவரிடம் காட்டித் திருத்தி, பிரிவில் ஒரு கோப்பாக வையுங்கள். ஊர் நினைவு அவரோடு வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க இதை விட்டால் வழியில்லை. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கோப்பு எண்கள் வருமே தவிர இவை வராது.

காசு, பரிசு, பேனர்

வேறு பிரிவு விழாக்களில் இல்லாத ஆபத்து நம் பிரிவில் இங்கே இருக்கிறது. கேட்காமலே செலவை ஏற்க ஆள் வருவார்கள். கட்டுமான நிறுவனம், மனைப்பிரிவு போடுகிறவர், ப்ளான் போட்டுக் கொடுக்கிற பொறியாளர், எல்லோருக்கும் அவர் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், சாப்பாட்டுச் செலவைக்கூட அவர்களிடம் விடாதீர்கள். முப்பது வருடம் கையை நீட்டாதவர் என்று மேடையில் சொல்லிவிட்டு, சாப்பிடும்போது "இது இன்னாருடைய உபயம்" என்று பேச்சு வந்தால் என்ன ஆகும்? அழைப்பிதழ் கொடுக்கலாம், வந்தால் மரியாதையாக உட்காரவைக்கலாம். மைக் கொடுக்க வேண்டாம்.

அரசு ஊழியர் தன்னைக் கௌரவிக்கும் கூட்டத்தில் கலந்துகொள்வதற்கும் பாராட்டுப் பத்திரம் பெறுவதற்கும் நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. சக ஊழியர்கள் தங்களுக்குள் எளிமையாக நடத்தும் விடைகொடுப்புக்குச் சிக்கல் வராது. எப்படியிருந்தாலும் ஆணையரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

வசூல் நம் பிரிவின் ஊழியர்களிடம் மட்டும், விருப்பமிருந்தால், சின்னத் தொகை. அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர், தினக்கூலியில் இருக்கும் கணினி இயக்குநர் ஆகியோரிடம் பட்டியலை நீட்ட வேண்டாம். நீட்டினால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பிரச்சினை.

மோதிரம் போடுவது வழக்கமாகிவிட்டது. தங்கம் விற்கிற விலைக்கு அதை நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. ஊரின் பழைய வரைபடத்தின் நகலை நல்ல தாளில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள், அவர் பார்த்த மூன்று இடங்களையும் சின்னச் சிவப்புப் புள்ளியாகக் காட்டி. கோயம்புத்தூர், மதுரை, தஞ்சாவூர் மாதிரி ஊர் என்றால் இன்னொரு யோசனை. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடஸ் 1915 வாக்கில் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தெருக்களை இடித்துத் தள்ளாமல் அங்கங்கே கொஞ்சம் திருத்தினாலே ஊர் மூச்சுவிடும் என்று வாதாடியவர். உங்கள் ஊரைப் பற்றிய பகுதியை நகலெடுத்துக் கட்டிக் கொடுத்தால், நூற்றாண்டுக்கு முன் தன் மேசையில் உட்கார்ந்திருந்திருக்க வேண்டிய ஒருவரோடு அவர் ஓய்வுக் காலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

பேனர்: கிடையாது. அனுமதியில்லாத பேனரை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் பிரிவு நாம்தான். வாசலில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினாலும் அழகாக இருக்கும். நண்பர்கள் ஆர்வக் கோளாறில் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாழ்த்து மடல்

ஒரு பக்கம், அவ்வளவுதான். அடைமொழியில் தொடங்காதீர்கள். இப்படித் தொடங்கலாம்: "பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் 40 அடிச் சாலையில் தினமும் நடக்கிறோம். அது 40 அடியாகவே இருப்பதற்கு எங்கள் பிரிவின் கோப்பு ஒன்றில் நீங்கள் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு காரணம்." பின்பு இன்னும் இரண்டு இடங்கள், பார்த்த ஊர்கள், கீழே பணியாற்றியவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த ஒரு பழக்கம். செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடம்) அளக்கும்போது டேப்பை நீங்களே பிடித்துப் பாருங்கள் என்பது மாதிரி உண்மையாக அவர் சொன்னது. நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன் பேர், வருடம், பதவி மூன்றையும் அவர் வீட்டில் ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

தெருவுக்கோ பூங்காவுக்கோ அவர் பேரை வைக்கலாமே என்று யாராவது கிளப்புவார்கள். அதற்கு மாமன்றத் தீர்மானம், அரசின் ஒப்புதல் என்று நடைமுறை நீளும், கட்சி அரசியல் வேறு உள்ளே வரும். தி.நகரில் போக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பேரில் இருந்த தெற்கு போக் சாலைதான் இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை. அதிகாரிகளின் பேர் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அது ஒன்று போதும். பூங்காவில் ஒரு மரக்கன்று நட்டு, தண்ணீர் ஊற்ற ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

அன்று மாலை

விழா ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, பிறகு மூன்று இடங்களின் படங்களைத் திரையில் காட்டி ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். அது நீங்களாகவே இருக்கலாம், தேடியவர் நீங்கள்தானே. அப்புறம் அந்த இடங்களில் குடியிருப்பவர்களில் இருவர், ஆளுக்கு மூன்று நிமிடம். சங்கத் தலைவர் என்று பதவி பார்க்க வேண்டாம். பூங்காவில் தினம் நடக்கும் அம்மா ஒருவர் வந்து "இந்த இடம் போயிருந்தா நாங்க எங்க போறது" என்று சொன்னால் போதும். ஆணையரும் மேயரும் பேசுவது முறை, அவர்கள் கையில் முந்தின நாளே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டால் சிகரமும் இமயமும் குறையும். சால்வை போடுகிற வரிசையை ஐந்து பேரோடு நிறுத்துங்கள், மற்றவர்கள் கூட்டம் முடிந்தபின் போட்டுக்கொள்ளட்டும்.

குடும்பத்தாரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். துணைவரை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்யலாம். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், விரும்பினால் பேசட்டும். பழைய ஊர்களில் கூட வேலை பார்த்தவர்களில் வர முடியாதவர்களிடம் ஆளுக்கு ஒரு போட்டோ வாட்ஸப்பில் வாங்கி வைத்திருந்தால், சாப்பாட்டு நேரத்தில் திரையில் ஓடவிடலாம். ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன், சர்வேயர் யாராவது ஊரில் இருந்தால் ஆட்டோ வைத்தாவது அழைத்து வாருங்கள்.

ஏற்புரைக்கு நேரக்கட்டுப்பாடு வைக்காதீர்கள். கீழே நின்று யாரும் கடிகாரத்தைக் காட்டக் கூடாது.

கடைசி நாள் மாலை வீட்டில் கொண்டுபோய் விடும்போது அலுவலக வாகனத்துக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஊர்வலம், வெடி எல்லாம் வேண்டாம். அவர் விரும்பினால் அந்தப் பூங்கா வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம். வீட்டில் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள்.

மறுநாள்

வரவு செலவை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுங்கள், அடுத்த விழாவுக்கு என்று ஒருவர் பையில் தங்கவிடாதீர்கள். காட்சிப் பலகைகள், பேட்டியின் தட்டச்சுப் படி, வருடக் குறிப்புத் தாள் மூன்றையும் ஒரே உறையில் போட்டுப் பதிவறையில் எண் வாங்கி வையுங்கள். போட்டோக்களைப் பென்டிரைவில் போட்டு ஒரு வாரத்துக்குள் அவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். போகும்போது பென்ஷன் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், வாசலிலேயே அதைத்தான் கேட்பார்.